காலை நாலரை மணிப் போன்

டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் முதல் நாளே ஒரு நல்ல போர்வை கொண்டுவர வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. மருந்துப் பட்டியல் கொடுப்பார்கள், சாப்பிடக் கூடாததையெல்லாம் அச்சடித்துக் கொடுப்பார்கள், போர்வையை மட்டும் மறந்துவிடுவார்கள். உடம்பிலுள்ள ரத்தம் வெளியே போய் மெஷினைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது ஆறிப்போய்த்தான் வரும். நாலு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தால் எலும்புக்குள் குளிர் இறங்கிவிடும். ஜெரல் பிக்கென்ஸ் முதல் நாள் அரைக்கைச் சட்டையோடு வந்து, பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தான். என் போர்வையை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டேன். எங்கள் பழக்கம் அங்கே தொடங்கியது, ஆகவே நானும் அங்கிருந்தே எழுதுகிறேன்.

விசாரணைக்கு வந்த நீங்கள், நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி கேட்டு இந்த மஞ்சள் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் மரியாதையாகக் கேட்டீர்கள் மேடம், அதனால் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் லூவெனியா ஹாபர்ட். வயது அறுபத்து மூன்று. எங்கள் ஹோலிஸ் க்ரீக் பள்ளியில் இருபத்தாறு வருடம் வருகைப் பதிவு பார்த்தேன். வராத பிள்ளையின் வீட்டுக்கு எட்டரை மணிக்குள் என் போன் போய்விடும். காய்ச்சல் என்று பொய் சொல்லும் அம்மாக்களின் குரல் எனக்குத் தனியாகத் தெரியும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு பதினோரு வருடமாக ஆறாம் நாற்காலி. திங்கள், புதன், வெள்ளி, விடியற்காலை முதல் ஷிப்ட். இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை. பனிப்புயல் வந்த வருடம் சவப்பெட்டி ஏற்றுகிற வண்டியில் லிப்ட் கேட்டு வந்து சேர்ந்தேன். டிரைவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

எங்கள் சென்டர் முன்பு மளிகைக்கடையாக இருந்த கட்டிடத்தில் இருக்கிறது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கோழி வறுக்கும் கடை. பத்து மணிக்கு அவர்கள் உருளைக்கிழங்கு வறுக்கத் தொடங்கினால் இங்கே பன்னிரண்டு பேரும் மூக்கை உறிஞ்சுவோம். எங்களுக்கு உருளைக்கிழங்கு ஆகாது. வாழைப்பழம் ஆகாது, ஆரஞ்சு ஆகாது, தக்காளி ஆகாது. அவற்றிலுள்ள பொட்டாசியத்தை எங்கள் உடம்பு வெளியே தள்ளாது, அது ரத்தத்தில் தேங்கி நெஞ்சை நிறுத்திவிடும். தண்ணீரும் அப்படித்தான். குடித்ததெல்லாம் உள்ளேயே நின்று முதலில் காலில் ஏறும், பிறகு நுரையீரலில் ஏறும். மெஷின்தான் இறக்கிவிட வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்பு சென்டரில் துணை நோயாளி என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். பழைய நோயாளி ஒருவர் புதியவர்களுக்குத் தைரியம் சொல்லி, ஒழுங்காக வரவைக்க வேண்டும். தலைமை நர்ஸ் கார்லெட்டா நேராக என்னிடம்தான் வந்தாள். முதல் ஷிப்ட் முழுவதற்கும் டயாலிசிஸ் நாளன்று நாலரை மணிக்கு நான் போன் போட்டு எழுப்புவேன். அழுதால் கேட்பேன், அடம்பிடித்தால் திட்டுவேன். ஊர்க் குழாயில் தண்ணீர் கெட்டுப்போகும் நாட்களில் மெஷின் ஓட்ட முடியாது, மெஷினுக்கு அத்தனை சுத்தமான தண்ணீர் வேண்டும். அப்போதும் சென்டர் எனக்கு ஒரு போன் போடும், மற்ற பதினொரு பேருக்கும் நான் சொல்லிவிடுவேன். என் குரல் சொன்னால் அதுதான் சேதி. ஒருவரும் சென்டரைக் கூப்பிட்டுச் சரிபார்த்ததில்லை.

இங்கே ஏழாம் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எனக்கு இடது கைப்பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஜெரல் வருவதற்கு முன்னால் அதில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். ஏழு பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருவர், ஓட்டிஸ் கெய்ன்ஸ் என்று ஒரு தபால்காரர், என் பக்கத்திலேயே, சர்ச் மதிய விருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போனார். திரையை இழுத்தார்கள், வெளியே கொண்டுபோனார்கள். நாற்காலியை ப்ளீச் போட்டுத் துடைத்தார்கள். அடுத்த ஷிப்டில் வேறொருவர் அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு டிவி பார்த்தார். அந்த ப்ளீச் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்த்துவிடும். எனக்குப் பயம், மேடம். நாற்காலி காலியாக இருந்தால் அடுத்தது நான்தான் என்று தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, தைரியம் சொல்கிறவள் எப்படிச் சொல்வது.

மீதி இரண்டு பேருக்குப் புதுச் சிறுநீரகம் கிடைத்தது. பலூன் கட்டினார்கள், கேக் வெட்டினார்கள், நாங்கள் சாப்பிடக் கூடாத கேக். “மிஸ் லூ, வாராவாரம் வந்து பாக்குறேன்” என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி ஒரே ஒரு தடவை வந்தாள், வாசலிலேயே நின்றாள். இன்னொருவர் மளிகைக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த அலமாரி வரிசைக்குத் திரும்பிவிட்டார். செத்தவர்களாவது அப்படிச் செய்யவில்லை.

ஜெரலுக்கு முப்பத்து நாலு வயது. லாரி மெக்கானிக். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருக்கும், நர்சுகள் அதற்கே அவனைத் தினம் வைவார்கள். அவனுக்கு டெமி என்று ஆறு வயதில் ஒரு பெண். வாரநாட்களில் இவனிடமும் சனி ஞாயிறில் பக்கத்து ஊரில் தாயிடமும் இருக்கும். முதல் மாதம் அவன் ஊசியைப் பார்த்தாலே வெளியே ஓடிவிடுவான். இரண்டு தடவை பார்க்கிங்கில் லாரிக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவனை நான்தான் கூட்டிவந்தேன். ஊசி குத்தும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான். மூன்றாவது மாதத்திலிருந்து அவன் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

“மிஸ் லூ, நீங்க அலாரத்தவிட மோசம். அலாரம்னா ஒரு தட்டு தட்டிட்டுத் தூங்கலாம்.”

“என்னைத் தட்டிப் பாரு, கை இருக்காது. எந்திரி கண்ணு. போர்வை எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துட்டேன் தாயே. நேத்து வறுத்த மீன் ஒரு துண்டு சாப்பிட்டேன், அதையும் இப்பவே சொல்லிடுறேன். அப்புறம் என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுருவீங்க.”

நாலரை மணிக்கு வேறு யார் என்னிடம் அப்படிப் பேசுவார்கள். என் மகன் டெட்ராய்டில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் போன் போடுவான். என் இதயம் பலவீனம், அதனால் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கவே மாட்டார்கள். நான் அந்த நாற்காலியில்தான் முடிவேன். முடியும்போது பக்கத்தில் இவன் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அது பெரிய ஆசை இல்லை.

போன ஜூலையில் மெம்பிஸில் இருக்கும் அவன் அக்கா கட்ரீஸ் தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். பரிசோதனையில் பொருந்திவிட்டது. அக்டோபரில் ஆபரேஷன். நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். ஒன்று, பக்கத்துணையாக ஒருவர் பெயர் வேண்டும். ஜெரல் என் பெயரைக் கொடுத்தான். இன்னொன்று, டயாலிசிஸுக்கு ஒழுங்காக வர வேண்டும். வராமல் இருந்தாலோ, நேரத்துக்கு முன்னால் எழுந்து போனாலோ, புதுச் சிறுநீரகத்தையும் இப்படித்தான் பார்த்துக்கொள்வான் என்று தேதியைத் தள்ளிவிடுவார்கள்.

நான் அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். அன்று வீட்டுக்குப் போய் எதுவும் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்டில் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது அதிகமாக இருந்தது. துடித்துப்போவான். நான் பரிவாகத்தான் சொன்னேன். “ஏன்டா உசுர விடுற? அரை மணி நேரம் முன்னாடி எடுத்துவிடச் சொல்லு. டெமியக் கூட்டிட்டு வரணும்னு சொன்னா விட்டுருவாங்க. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன், ஒண்ணும் ஆகாது.” மூன்று தடவை அப்படிப் போனான். ஒவ்வொரு தடவையும் தன் விருப்பத்தில் போவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள்கள் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அக்டோபர் ரத்தாகி, பிப்ரவரி என்றார்கள். அவன் என் மடியில் தலை வைத்து அழுதான். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கு அன்று நன்றாகப் பசித்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அவன் கல்லாகிவிட்டான். கால் இழுத்தால் பல்லைக் கடித்துக்கொள்வான், ஒரு நிமிடம் முன்னால் எழுந்திருக்க மாட்டான். மீன் இல்லை, இனிப்புத் தேநீர் இல்லை. நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டு. அதையும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவான். நர்சுகள் அவனைக் காட்டி மற்றவர்களைத் திட்டினார்கள். கார்லெட்டா எனக்கு ஒரு கேடயம் வாங்கிக் கொடுத்தாள், என் வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பதினொரு நாள் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நான் வழக்கம்போல எல்லோருக்கும் போன் போட்டேன். கடைசியாக ஜெரலுக்கு.

“தூங்கு கண்ணு. தண்ணி கெட்டுப்போச்சாம், இன்னிக்கு மெஷின் ஓடாது. திங்கக்கிழம வந்தாப் போதும்.”

“ஐயோ மிஸ் லூ, இத நான் வராத நாளாப் போட்ருவாங்களா?”

“தண்ணி கெட்டதுக்கு நீயா பொறுப்பு? போட மாட்டாங்க.”

வியாழக்கிழமை முழுக்க மழை. பக்கத்து ஊரில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ரேடியோவில் அறிவித்திருந்தார்கள். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. நான் குளித்து, போர்வையை மடித்துக்கொண்டு சென்டருக்குப் போனேன்.

கார்லெட்டா ஏழாம் நாற்காலியைப் பார்த்துவிட்டு போனை எடுத்தாள். “நான் பேசிட்டேன், லாரி ஸ்டார்ட் ஆகலியாம்” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். “இவனுமா இப்படி? நாளைக்குச் சனிக்கிழம ஷிப்ட்ல ஒரு எடம் காலியா இருக்கு, வரச் சொல்லுங்க மிஸ் லூ. புதன்லேர்ந்து திங்கள் வரைக்கும் தாங்காது” என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எனக்கு வேண்டியது ஏட்டில் ஒரே ஒரு வராத நாள். சனிக்கிழமை வந்துவிட்டால் அது அழிந்துவிடும்.

அந்த நாலு மணி நேரமும் நான் காலியான நாற்காலியின் பக்கம் திரும்பவில்லை. திங்கட்கிழமை அவன் வந்துவிடுவான் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் அவன் போன் போட்டான். டெமியை அவள் அம்மா கூட்டிப்போயிருந்தாள். “கால் ரெண்டும் தூண் மாதிரி இருக்கு மிஸ் லூ. படுத்தா மூச்சு முட்டுது. சென்டர்ல தண்ணி சரியாயிடுச்சா?” இன்னும் இல்லை என்றேன். “அப்ப எமர்ஜென்சிக்குப் போயிடவா?”

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். “போ. நான் தடுக்கல. ஆனா அங்க போனா எழுதுவாங்க. தண்ணி அதிகம் குடிச்சுட்டான்னு எழுதுவாங்க. அந்தத் தாள் நேரா ஆபரேஷன் டாக்டர்கிட்டப் போகும். அப்புறம் உங்க அக்கா எத்தன தடவ லீவு போடுவா?” அவன் மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. “சரி, தாங்கிக்கிறேன்” என்றான். சாவதைவிட அவனுக்கு அந்தத் தாளின் மேல்தான் பயம். அந்தப் பயத்தை ஆகஸ்டிலிருந்து நான்தான் அவனுக்குள் வளர்த்தேன், அது இத்தனை நன்றாக வேர்பிடித்திருக்கும் என்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றும்போது மறுபடி போன். இரண்டு மணி இருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், சாய முடியவில்லை என்றான். பிறகு, “உதடு மரத்துப்போச்சு மிஸ் லூ. கை விரலெல்லாம் சுரீர்சுரீர்ங்குது” என்றான்.

பதினோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு உதடு மரத்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். நெஞ்சு நிற்பதற்கு முன்னால் வருவது அது. என் சமையலறைச் சுவரில் இன்னொரு போன் இருக்கிறது. அதை எடுத்து மூன்று எண்களை அழுத்தினால் அவன் வீட்டு வாசலில் ஏழு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். நான் அதைப் பார்த்தபடியேதான் நின்றேன். ஆம்புலன்ஸ் வந்தால் வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். மிஸ் லூ சொன்னார்கள் என்பான். பிறகு அவன் எனக்குப் பக்கத்தில் உட்காரவே மாட்டான். நான் பயந்துபோயிருந்தேன் மேடம். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் மனசாரக் கெட்டவள் இல்லை.

“எனக்குப் பயமா இருக்கு” என்றான்.

“நான் இருக்கேன்ல. மெதுவா மூச்சு விடு. நானும் கூடவே விடுறேன்.”

“போனை வச்சுறாதீங்க.”

“வைக்க மாட்டேன் கண்ணு.”

வைக்கவில்லை. டெமிக்குப் பல் விழுந்ததைச் சொன்னான். பாதி வாக்கியத்தில் லாரி எஞ்சினைப் பற்றி ஏதோ சொன்னான், எனக்குப் புரியவில்லை. ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டான். நான் என்னடா என்று கேட்டேன். மூன்று மணி சுமாருக்குப் போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் காதிலிருந்து எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தேன். என்னென்ன பேசினேன் என்று நினைவில்லை. மொத்தம் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் என்று அவன் போனில் பதிவாகியிருந்ததாகச் சொன்னீர்கள், அது சரியாகத்தான் இருக்கும். ஓட்டிஸ் செத்தபோது திரைக்கு உள்ளே யாரையும் விடவில்லை. ஜெரல் தனியாகச் சாகவில்லை. அவனுக்குத் துணை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு நான் பத்துப் பேருக்குப் போன் போட்டேன்.

கட்ரீஸ் மட்டும் வராமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. வெள்ளிக்கிழமை காலை அவன் அவளுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறான், இங்கே தண்ணீர் கெட்டுவிட்டது, இன்றைக்கு எனக்கு லீவு என்று சிரித்துக்கொண்டே. அவள் இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் காலையிலேயே சென்டருக்கு வந்து கார்லெட்டாவிடம் கேட்டாள். எந்தத் தண்ணீர் என்று கார்லெட்டா திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ஆறாம் நாற்காலியைப் பார்த்தார்கள். எனக்குக் கையில் ஊசி இருந்தது, எழுந்து போக முடியாது. இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. கட்ரீஸ் கத்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த இரண்டு மணி நேரமும் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். தன் இடுப்பின் ஒரு பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. தண்ணீர் கெட்டது என்று பொய் சொன்னது நான். சனிக்கிழமை இடத்தைச் சொல்லாமல் மறைத்தது நான். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்ததும், ஆம்புலன்ஸைக் கூப்பிடாததும் நான். எல்லாம் சுயநினைவோடு செய்தேன். அவனைக் கொல்ல நினைக்கவில்லை, வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அந்த இரண்டுக்கும் உங்கள் சட்டத்தில் வேறு வேறு பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

துணை நோயாளிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். கேடயத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வழக்கு முடியும்வரை என்னை வேறு சென்டருக்கு அனுப்பப் பார்த்தார்கள், அறுபது மைலுக்குள் வேறு சென்டர் இல்லை. ஆகவே அதே ஷிப்ட், நாற்காலி மட்டும் மாறி வாசல் பக்கத்தில் இரண்டாவது. நர்சுகள் ஊசி குத்துவதற்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. நானும் குறை சொல்லவில்லை.

போன வாரம் மூன்றாம் நாற்காலிக்கு ஒரு புதுப்பெண் வந்திருக்கிறாள். இருபத்தாறு வயதுதான் இருக்கும். எவாஞ்சலின் என்று பெயர். வெளியூர், இங்கே அவளுக்கு யாரையும் தெரியாது, என்னைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாலு மணி நேரமும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள், இனி வரப்போவதில்லை என்றாள். பட்டியல் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். போர்வையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கப் பொறுக்காமல் என்னுடையதை எடுத்துப் போர்த்திவிட்டேன். காலையில் எழுந்து வரத்தான் முடியவில்லை என்றாள். எழுப்ப யாராவது இருந்தால் வந்துவிடுவாள், நல்ல பெண். தன் போன் நம்பரை அவளேதான் என் உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தாள்.